‘திராட்சைச் சாறு’ என்று ஒட்டிய போத்தல்

நடந்தவற்றை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. லண்டனில் என்னோடு வேலை செய்யும் பிலார், ரொறன்ரோவில் இருக்கும் தன் சித்தப்பாவிடம் கொடுக்கும்படி ஒரு வைன் போத்தலைத் தந்தாள். சிலி நாட்டில் அவளுடைய அப்பாவின் தோட்டத்தில் செய்த வைன் அது.
2. ரொறன்ரோவில் நான் தங்கப்போவது பெரியம்மா வீட்டில். போய் இறங்கியதும் என் சூட்கேஸ் எல்லோர் முன்னாலும் திறக்கப்படும் என்று எனக்குத் தெரியும்.
3. புறப்படுவதற்கு முதல்நாள் மாலை போத்தலைச் சுடுநீரிலும் சலவைச் சோடாவிலும் ஊறவைத்து லேபிளைக் கழற்றினேன்.
4. அந்த இடத்தில் ஆய்வுகூட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, ‘திராட்சைச் சாறு’ என்று தமிழில் எழுதினேன்.
5. கழற்றிய லேபிளில் பென்சிலால் மூன்று வரிகள் இருந்தன. எழுதியவர் பிலாரின் அப்பா. ஸ்பானிய மொழி எனக்கு வாசிக்கத் தெரியாது.
6. எழுபதுகளிலிருந்து தொண்ணூறுகளின் முடிவு வரைக்கும் தம்பியோடு பேசாமலிருந்த ஒரு அண்ணன் கேட்ட மன்னிப்பு அது.
7. அது எனக்குத் தெரியவந்தபோது லேபிள் கூழாகி, ஈஸ்ட்ஹாமில் என் குளியலறைக் கழிவுக்குழாய் வழியே போய்விட்டிருந்தது.

இவற்றில் மூன்றாவதும் நான்காவதும் மட்டுமே நான் கையால் செய்தவை. அந்த இரண்டும் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

என் தொழிலையும் சொல்லிவிட வேண்டும். வைன் இறக்குமதி செய்யும் நிறுவனம் ஒன்றின் ஆய்வுகூடத்தில் நான் இரசாயனப் பரிசோதகர். அமிலம், கந்தகம், அற்ககோல் எல்லாம் அளந்து எழுதுவது வேலை. வீட்டில் ‘ஜூஸ் பரிசோதிக்கிற இடம்’ என்று சொல்லியிருந்தேன். திராட்சையிலிருந்துதானே வருகிறது என்று எனக்கு நானே ஒரு நியாயமும் வைத்திருந்தேன்.

ரொறன்ரோ விமான நிலையத்துக்குப் பெரியப்பா தன் வான் வண்டியோடு வந்திருந்தார். லண்டனில் இரண்டு கார்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் போகும் தெருக்களுக்குப் பழகிய எனக்கு அந்த நெடுஞ்சாலை ஓடுபாதை மாதிரித் தெரிந்தது. ஐப்பசி மாதம். இரண்டு பக்கமும் மரங்கள் சிவந்து நின்றன. அஜின்கோர்ட் வந்து சேரும்வரை பெரியப்பா வீட்டு விலைகளையும் பனியையும் பற்றியே பேசினார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் எதிர்பார்த்தபடியே நடந்தது. சாப்பாட்டுக்கு முதல் சூட்கேஸ். ஹோல் கம்பளத்தில் அதைக் கிடத்தி, பெரியம்மா ஒரு பக்கம், பதினாறு வயதான தங்கச்சி தர்ஷி மறுபக்கம். அம்மா கொடுத்துவிட்ட சேலைகள் வந்தன. பெரியப்பாவுக்குக் கம்பளிச் சட்டை வந்தது. அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சூட்கேஸின் ஆழத்தை எட்டிப் பார்த்தார்.

“டியூட்டி ஃப்ரீ பக்கம் போகேல்லையோ, வதனி? ஒரு விஸ்கிப் போத்தலும் இல்லையோ?”

“ஒரு குமர்ப்பிள்ளையிட்டைக் கேக்கிற கேள்வியே உது?” என்றார் பெரியம்மா.

கலியாணமாகாத பெண்ணுக்கும் குடிவகைக்கும் சம்பந்தம் இருக்கக்கூடாது என்ற அந்த ஒரு வசனத்துக்காகத்தான் நான் லேபிளைக் கழுவியிருந்தேன். அது வரும் என்று தெரிந்து, அது என்மேல் விழாமல் இருக்கப் பாடுபட்டிருந்தேன். அடுத்த நிமிடம் துவாய்க்குள்ளிருந்து போத்தல் வெளியே வந்தது. பெரியம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஸ்டிக்கரை வாசித்தார்.

“திராட்சைச் சாறு. உன்ரை வேலையிலை தந்ததோ?”

“ஓம். ஒரு ஆளுக்குக் குடுக்க வேணும்.”

“அக்கா, ஜூஸ் போத்தலுக்கு ஆர் கோர்க் போடுறது? தட்ஸ் சோ வியர்ட்” என்றாள் தர்ஷி.

“லாபிலை அப்பிடித்தான்” என்றேன். இவ்வளவு தெளிவாகப் பொய் சொல்ல வரும் என்று எனக்கே தெரியாது.

பெரியம்மா என் கையைப் பிடித்துத் திருப்பினார். வலது கையில் மூன்று விரல்களும் நகக்கண்களும் ஊதா நிறமாக இருந்தன. “என்ன பிள்ளை, நாவல்பழம் திண்டமாதிரி?”

“லண்டனிலை எலக்சன் போல” என்றார் பெரியப்பா. “மூண்டு விரலிலை மை. மூண்டு கள்ள வோட்டுப் போட்டிட்டு வந்திருக்கிறாள்.”

எல்லோரும் சிரித்தோம். அந்த ஊதா, லேபிளைக் கழற்றும்போது வந்தது. பென்சில் எழுத்து காய்ந்திருந்தவரை சாம்பல் நிறம். தண்ணீர் பட்டதும் ஊதாவாக மாறி, கைகழுவும் தொட்டி முழுவதும் பரவியது. சாதாரணப் பென்சில் அப்படிச் செய்யாது. உள்ளே ஏதோ சாயம் இருக்க வேண்டும், நல்ல சாயம், என்று நினைத்தது நினைவிருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் நினைக்கவில்லை.

மறுநாள் ஊர் பார்க்கத் தனியாகக் கிளம்பினேன். ஷெப்பர்ட் வீதியில் பஸ் ஏறி, வெகுநேரம் கழித்துத்தான் எதிர்த்திசையில் போகிறேன் என்று கண்டுபிடித்தேன். வீடுகள் புதிதாகிக்கொண்டே வந்து, பிறகு மரங்கள் மட்டும் ஆகிவிட்டன. நகரத்தின் கிழக்கு ஓரம், ரூஜ் பக்கம். எனக்குப் பின்னால் இருந்த அம்மா தமிழ் ஆள். நான் வரைபடத்தை விரித்து மடித்ததைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

“பிள்ளை லண்டனோ?”

“எப்பிடித் தெரியும், அன்ரி?”

“இஞ்சத்தை ஆக்கள் மப் பாக்கிறேல்லை. பிழையா ஏறினாலும் கடைசி மட்டும் இருந்துபோட்டு இறங்குவினம்.”

அவரே என்னை இறக்கி, வீதிக்கு எதிர்ப்பக்கம் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தி, பிறகுதான் தன் வழியே போனார். திரும்பும் வழியில் ஒரு தமிழ்க் கடையில் மட்டன் றோல் சாப்பிட்டேன். ஈஸ்ட்ஹாம் றோலைவிட நீளம், உறைப்பும் கூட. அங்கேயே ஒரு தொலைபேசி அட்டையும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பிலாருக்கு எடுத்தேன். பேச்சு ஆங்கிலத்தில்.

“கொடுத்துவிட்டாயா?” என்றாள்.

“சனிக்கிழமை போகிறேன்.”

“நல்லது. கேள். போத்தலை அவர் முன்னால் வைக்கும்போது லேபிள் அவர் பக்கம் இருக்கட்டும். ஒன்றும் சொல்லாதே. அவர் முகத்தை மட்டும் பார்த்து வந்து எனக்குச் சொல்.”

“லேபிளில் என்ன இருக்கிறது?”

அப்போதுதான் சொன்னாள். முதல் வரியில் திராட்சையின் பெயர்: கார்மெனேர். இரண்டாவது வரியில் அறுவடை செய்த ஆண்டு. மூன்றாவதில், ‘எர்னான், நீ சொன்னதுதான் சரி.’

அவள் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர்களுடைய தோட்டத்தின் கீழ்த்துண்டில் நின்ற கொடிகள் மெர்லோ என்ற திராட்சை இனம் என்றே எல்லோரும் நம்பினார்கள்; நாடு முழுவதும் அப்படித்தான். பிலாரின் சித்தப்பா எர்னான் சிறுவயதிலிருந்தே அது வேறு இனம் என்று சொல்லிவந்தார். இலை வேறுமாதிரிச் சிவக்கிறது, பழம் பிந்திப் பழுக்கிறது என்பது அவர் வாதம். அண்ணன் ராவுல் ஊர் கூடும் இடத்தில் எல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பார். சில வருடங்களுக்கு முன் பிரான்சிலிருந்து ஒரு கொடி ஆராய்ச்சியாளர் சிலிக்கு வந்தார். ஒரு தோட்டத்தில் நின்று இலையையும் பூவையும் பார்த்துவிட்டு, இது மெர்லோ இல்லை, பிரான்சில் அழிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த கார்மெனேர் என்று சொன்னார்.

“அப்பா யாருக்கும் எழுதுகிறவர் இல்லை. இந்த மூன்று வரிக்கு அவருக்கு எத்தனை வருடம் பிடித்தது தெரியுமா? இரண்டாம் தரம் எழுதமாட்டார்” என்றாள் பிலார்.

அட்டையில் நேரம் முடியப்போகிறது என்று ஒரு பெண்குரல் இடையில் சொன்னது. நான் அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்குப் போதிய நேரம் இருந்தது. “சரி, அப்படியே செய்கிறேன்” என்று சொல்லிவிட்டுத் துண்டிக்கும்வரை காத்திருந்தேன்.

ஆய்வுகூடத்தில் நாங்களே அந்த ‘சிலி மெர்லோ’வை எத்தனையோ தரம் சோதித்திருக்கிறோம். முகர்ந்தால் பச்சைக் கறிமிளகாயை வெட்டும்போது வரும் வாசம் வரும். ‘போதிய அளவு பழுக்கவில்லை’ என்று எழுதி அனுப்புவோம். மெர்லோவோடு சேர்த்து அறுத்தால் கார்மெனேர் பச்சையாகத்தான் இருக்கும். அதற்கு இன்னும் சில வாரங்கள் வேண்டும். வேறொன்றின் பெயரில் நின்றபடியால் அதற்கு அந்த வாரங்கள் கிடைக்கவில்லை.

அன்று பின்னேரம் நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். பெரியம்மாவின் குசினியில் ஒரு மண்ணிறக் கடதாசிப் பையை வெட்டி, பென்சிலால் மூன்று வரியையும் எழுதிப் பார்த்தேன். தொலைபேசியில், அறிய ஆசை என்று சொல்லிப் பிலாரை எழுத்துக்கூட்ட வைத்து எழுதிக்கொண்ட ஸ்பானிய வரிகள். கோணலாக எழுத முயன்றும் ஒவ்வொரு எழுத்தும் மாதிரிக் குப்பியில் எழுதியதுபோல நேராக நின்றது. ஒரு கிழவரின் மன்னிப்பை என் கையால் கேட்கப் பார்த்திருக்கிறேன். கிழித்து, வெங்காயத் தோலுக்கு அடியில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை என் நட்சத்திரம். பெரியம்மா றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் என் பேரில் அபிஷேகத்துக்குச் சொல்லியிருந்தார். காலையில் பால், தயிர், தேன், இளநீர் எல்லாம் பைகளில் ஏறின. பேவியூ வீதிக்குத் திரும்பியபோது வான் ஒரு பக்கம் சரிய, பின்சீற்றில் என் காலடியில் இருந்த பை சாய்ந்தது. பால் கேனுக்குப் பக்கத்தில் கோர்க் தெரிந்தது.

“பெரியம்மா, இது ஏன் இதுக்குள்ளை?”

“பழச்சாறு அபிஷேகத்துக்கு. உன்ரை பேரிலைதானே செய்யிறம். கடைப் போத்தலை விட இது நல்லது. அந்த ஆளுக்கு நான் வேறை ஜூஸ் வேண்டித் தாறன்.”

கோயில் கோபுரம் தெரியத் தொடங்கியிருந்தது. பிள்ளையாரின் தலையில் அந்த வைன் வழிவதை நான் மனக்கண்ணால் கண்டேன். குருக்கள் கோர்க்கோடு மல்லுக்கட்டுவதையும் கண்டேன்.

“அது சாறு இல்லை, பெரியம்மா.”

“பின்னை?”

“வைன்.”

தர்ஷி, “ஐ நியூ இட்” என்று யன்னலுக்குச் சொன்னாள்.

“அப்ப நீ வேலை செய்யிற இடம்?” என்றார் பெரியம்மா.

“வைன் பரிசோதிக்கிற இடம்.”

“கொம்மாவுக்குத் தெரியுமோ?”

“தெரியாது.”

“குடிக்கிறனியோ?”

“இல்லை. சிலவேளை வாயிலை வைச்சிட்டுத் துப்புவம்.”

“துப்புறதுக்குச் சம்பளம் குடுக்கிறாங்கள்” என்றார் பெரியப்பா. ஸ்டியரிங்கில் அவருடைய தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. “நான் இவ்வளவு காலமும் விழுங்கி ஒரு சதமும் காணேல்லை.”

“நீங்கள் றோட்டைப் பாருங்கோ.” பெரியம்மா போத்தலைத் தானே எடுத்து இரண்டு பைகளால் சுற்றினார். “இது வானுக்குள்ளை கிடக்கட்டும். வாசல் மட்டும் கொண்டு வரப்படாது.”

அபிஷேகம் நடந்தது. பழச்சாறு இல்லாமலே நடந்தது. நான் கண்ணை மூடி நின்றேன், கும்பிட ஒன்றும் வரவில்லை. பிறகு கீழே சாப்பாட்டு மண்டபத்தில் புளியோதரை சாப்பிடும்போது மிச்சத்தையும் சொன்னேன். யாருடைய போத்தல், லேபிளில் என்ன இருந்தது, நான் என்ன செய்தேன்.

பெரியம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். “அந்த மனிசன் எழுதினதைக் கழுவி ஊத்திப்போட்டியோ?”

“சூட்கேஸ் திறக்கேக்கை நீங்கள் பாப்பியள் எண்டு.”

“பாத்தா என்ன? ஏசியிருப்பன். ஏசிப்போட்டு அலுமாரிக்குள்ளை வைச்சிருப்பன். உன்ரை பெரியப்பான்ரை போத்தலுகள் இருக்கிற இடத்திலை.” பிறகு அப்பளத்தை உடைத்துக்கொண்டு, “என்ரை ஏச்சுக்குப் பயந்து ஆரோ ஒருத்தற்றை சாமானைப் பழுதாக்கிப்போட்டாய். இப்ப என்னையும் எல்லோ அதுக்குள்ளை இழுத்துவிட்டாய்” என்றார்.

அவர் கோபப்பட்டது வைனுக்காக அல்ல. அது எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. ஏச்சு ஒன்றுக்கு மேல் எதுவுமே நடந்திருக்காத இடத்தில் இவ்வளவையும் செய்திருக்கிறேன்.

சனிக்கிழமை எர்னானைச் சந்தித்தேன். அவர் மேற்கு ரொறன்ரோவில் கார் ஓட்டப் பழக்குகிறவர். சப்வே வாசலுக்கு, கூரையில் பலகை பூட்டிய பயிற்சிக் காரிலேயே வந்தார். மெல்லிய, உயரமான, நரைத்த மீசையைச் சீவியிருந்த மனிதர். முன்சீற்றில் ஏறினேன். என் காலடியில் ஒரு பிரேக் இருந்தது.

“அது எனக்கு. மாணவர் ஓட்டும்போது நான் அங்கே இருப்பேன். தொடாதீர்கள்” என்றார்.

அவர் சிலியில் சரித்திர ஆசிரியராக இருந்தவர். இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் வேலையை இழந்து, மறு வருடம் நாட்டை விட்டு வந்தவர். எனக்கு வைன் தொழில் என்று பிலார் சொல்லியிருந்ததால், முதல் சந்தியிலேயே பாடம் தொடங்கிவிட்டது. ஆங்கிலம் வேகமாகவும் கைகள் அதைவிட வேகமாகவும் வந்தன.

“பாதிரிமார் வந்தார்கள். பூசைக்கு வைன் வேண்டும். ஸ்பெயினிலிருந்து கப்பலில் வந்தால் வழியிலேயே புளித்துவிடும். ஆகவே கொடி நட்டார்கள். ‘பாயிஸ்’ என்று ஒரு கறுப்புத் திராட்சை. நாடு என்று அர்த்தம். அழகில்லாத பழம், ஆனால் எந்த மண்ணிலும் நிற்கும். பிறகு ஸ்பெயின் மன்னருக்குப் பயம். நாமே செய்தால் அவருடையதை யார் வாங்குவது? கொடி நடக்கூடாது என்று ஆணை. ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் சரித்திரத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி அது.”

“பிறகு?”

“பிறகு பணக்காரர்கள். வெள்ளிச் சுரங்கம், நிலக்கரிச் சுரங்கம். பாரிசுக்குப் போய்வந்தார்கள். திரும்பும்போது மாளிகை வரைபடம், தளபாடம், கொடித்தண்டு. தண்டுகளைக் கட்டுக்கட்டாகக் கப்பலில் ஏற்றினார்கள். எது எந்தக் கட்டு என்று யார் பார்த்தது? எல்லாம் பிரெஞ்சு, எல்லாம் நல்லது, நடு!” இரண்டு கைகளையும் எடுத்து நட்டுக் காட்டினார். எங்களுக்கு முன்னால் ஒரு ஸ்ட்ரீட்கார் நின்று, ஆட்கள் வீதியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். என் கால் தானாகவே பிரேக்கை மிதித்துவிட்டது. கார் குலுங்கி நின்றது. மடியிலிருந்த போத்தலைக் கட்டிப்பிடித்தேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “இந்தக் காரில் என்னை நிறுத்திய முதல் ஆள் நீங்கள்” என்றார். கோபமில்லை. அதன் பிறகு ஒரு கையை ஸ்டியரிங்கில் வைத்திருந்தார்.

மிச்ச வரலாறு வீட்டு மேசையில் நடந்தது. அவருடைய மனைவி ரோசா எம்பனாதா செய்திருந்தார். எங்கள் பற்றீஸ் மாதிரித்தான், உள்ளே இறைச்சி, வெங்காயம், ஒரு துண்டு அவித்த முட்டை, எதிர்பாராத இடத்தில் ஒரு முந்திரிகை வற்றல், காய்ந்த திராட்சை. பக்கத்தில் தக்காளியும் கொத்தமல்லியும் பச்சைமிளகாயும் அரிந்து சேர்த்த சம்பல். யாழ்ப்பாணத்து நாக்குக்கு உறைப்பு போதாது. நான் அள்ளிப் போட்டுச் சாப்பிட்டதை ரோசா ஆச்சரியமாகப் பார்த்தார்.

ஐரோப்பாவில் ஒரு பூச்சி வேரைத் தின்று தோட்டங்களை எல்லாம் அழித்ததாம். சிலிக்கு அது வரவில்லை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், மேலே பாலைவனம், கீழே பனி. பிரான்சில் பல இனங்கள் போய்விட்டன. திரும்பவும் நட்டபோது தொந்தரவான கார்மெனேரை நடாமல் விட்டுவிட்டார்கள். சிலியில் அது இன்னொன்றின் பெயரோடு நின்றது. பிறகு அரசாங்கம் வரி போட்டது, புதிதாக நடுவதைத் தடுத்தது. பெருந்தோட்டங்களைப் பிரித்து உழைத்தவர்களுக்குக் கொடுத்தார்கள். இராணுவம் வந்து அதைத் திருப்பியது. விலை விழுந்தது. கொடிகளைப் பிடுங்கினார்கள். அதன்பிறகு உள்ளூர் மரத்தொட்டிகளை எறிந்துவிட்டு உருக்குத் தொட்டிகள் வைத்தார்கள். இப்போது உலகம் முழுவதும் குடிக்கிறது, என்னிடமும் பரிசோதனைக்கு வருகிறது.

“நிலத்தைத் திருப்பியபோது பக்கத்துக் குடும்பங்களின் துண்டுகளை ராவுல் வாங்கினான். மலிவாக” என்றார் எர்னான். “அவர்களுடைய பிள்ளைகளுக்கு நான் படிப்பித்திருந்தேன்.”

“இவர்கள் கொடியைப் பற்றித்தான் சண்டை பிடித்தார்கள்” என்றார் ரோசா. “மெர்லோ, மெர்லோ இல்லை. கடைசி நாள் பஸ் நிலையத்திலும் அதுதான். அந்த நிலத்தைப் பற்றிப் பேசினால் ஒருவர் மற்றவரைக் கொன்றிருப்பார்கள்.”

இனித் தள்ளிப்போட முடியவில்லை. போத்தலை மேசையில் வைத்தேன். பிலார் சொன்னபடி போத்தலின் முகத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் ஸ்டிக்கரைப் பார்த்தார்.

“இது என்ன எழுத்து?”

“தமிழ். திராட்சைச் சாறு என்று எழுதியிருக்கிறது. நான் எழுதினேன்.” பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையாகச் சொன்னேன், எனக்கு அப்படித்தான் வரும். மூன்றாவது வரியைச் சொன்னபோது அவர் எம்பனாதாவைத் தட்டில் வைத்தார்.

“ராவுல் அப்படி எழுதமாட்டான்.”

“பிலார் பார்த்திருக்கிறாள்.”

“பிலார் நல்ல பிள்ளை. சண்டையை முடிக்க அவளே எழுதியிருப்பாள். அல்லது நீங்கள் லேபிளைத் தொலைத்துவிட்டு எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்கிறீர்கள்.”

“உள்ளே இருக்கும் வைனுக்கு ஒன்றும் ஆகவில்லை” என்றேன். “கோர்க் திறக்கவில்லை, வெளியேதான் சுடுநீர், அதுவும் கொஞ்ச நேரம்...”

“நான் வைனைக் கேட்கவில்லை.”

கைகளை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். ரோசா அதைக் கவனித்துவிட்டு, “கையில் என்ன, அடிபட்டதா?” என்று கேட்டார்.

“இல்லை. லேபிளில் இருந்த சாயம். பென்சில் எழுத்து சாம்பல் நிறமாகத்தான் இருந்தது. நனைந்ததும் ஊதாவாகிவிட்டது. தோலில் போய்விட்டது, நகத்தில் இன்னும் போகவில்லை.”

எர்னான் கையை நீட்டினார். நானும் நீட்டினேன். அவர் என் விரலை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி நகக்கண்ணைப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னும் கிட்டப் பார்த்தார். ரோசாவிடம் ஸ்பானிய மொழியில் ஏதோ கேட்டார். ரோசா தலையாட்டினார்.

“எங்கள் அப்பா பீப்பாய்களில் குறி போடுகிற பென்சில்” என்றார் என்னிடம். “நாக்கில் தொட்டு எழுதுவார். நாங்கள் இரண்டு பேரும் களவாக எடுத்து நக்கி, நாக்கு ஊதாவாகி, அடி வாங்குவோம். அப்பாவுக்குப் பிறகு அந்தப் பெட்டியை ராவுல் எடுத்துக்கொண்டான். யாரையும் தொடவிடமாட்டான். பிலாரைக்கூட.”

என் கையை விட்டுவிட்டார். “மூன்றாவது வரி எப்படி இருந்தது? சாய்ந்து இருந்ததா?”

எனக்கு அது ஞாபகம் இருந்தது. மற்ற இரண்டையும் விடச் சிறிய எழுத்து. வரி கீழ்நோக்கி இறங்கியது. முடிவில் புள்ளி வைத்து அழுத்தியதில் கடதாசி கிழிந்திருந்தது. சொன்னேன்.

“ஓம், அவன்தான்” என்றார். பிறகு, “பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்” என்றார். மன்னியுங்கள் என்று சொன்னேன். அவர் இல்லை என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

ரோசா கோர்க் திறப்பான் கொண்டுவந்தார். எர்னான் அதை வாங்கித் திரும்பவும் மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, போத்தலை எடுத்துப் புத்தக அலுமாரியின் மேல்தட்டில் நிறுத்தினார். என் கையெழுத்து அங்கிருந்து எல்லோரையும் பார்த்தது. எனக்குத் தாங்கவில்லை.

“அந்த ஸ்டிக்கரையாவது கழற்றிவிடுகிறேன், அங்கிள்.”

“வேண்டாம்” என்றார். “நீங்கள் இனி ஒன்றையும் கழற்ற வேண்டாம்.”

ரோசாதான் சிரித்தார். பிறகு அவரும் கொஞ்சம் சிரித்தார். சப்வே வரைக்கும் திரும்பக் கொண்டுவந்து விட்டார். வழியில் சரித்திரம் பேசவில்லை.

இப்போதைய நிலை இது. நான் லண்டனில் இருக்கிறேன். பிலாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இரண்டு வாரம் மதியச் சாப்பாட்டை வேறு மேசையில் சாப்பிட்டாள், இப்போது என் மேசைக்கு வருகிறாள். லேபிள் போனது அவளுடைய அப்பாவுக்குத் தெரியாது. தம்பி வாசித்துவிட்டான் என்று எண்ணிக்கொண்டு பதிலுக்காகக் காத்திருக்கிறார். எர்னான் இன்னும் சிலிக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. நான் எங்கே வேலை செய்கிறேன் என்பது அம்மாவுக்குத் தெரியும். நான் சொல்வதற்கு முதலே பெரியம்மா சொல்லிவிட்டார். போத்தல் ரொறன்ரோவில் புத்தக அலுமாரியின் மேல் திறக்காமல் நிற்கிறது. அதில் ‘திராட்சைச் சாறு’ என்று எழுதியிருக்கிறது. நகத்தில் இருந்த ஊதா வளர்ந்து நுனிக்கு வந்துவிட்டது. அடுத்த முறை நகம் வெட்டும்போது அதுவும் போய்விடும்.